வேலையை விட்டு அனுப்பும்போது நீட்டுகிற இணக்க ஒப்பந்தம்: ஒப்பம் வைக்கும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

ஏப்ரல் சீசன் முடிந்து நுவரெலியா காலியாகிக்கொண்டிருந்த நேரம். நான் 11 வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்த விடுதியில் மனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் சிங்களத்தில் டைப் அடித்த ஒரு பக்கக் கடதாசி, அதன் மேல் 50,000 ரூபா காசோலை, பக்கத்தில் மூடி கழற்றி வைத்த பேனை. "மிச்சத்தை ஆறுதலாகப் பேசி முடிப்போம், இப்போதைக்கு இதில் ஒரு ஒப்பம் போடுங்கள்" என்றார்கள். எனக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், வாசிப்பது தட்டுத்தடுமாறித்தான். காசு வாங்கியதற்கான ரசீது என்று நினைத்து ஒப்பம் வைத்துவிட்டேன். அதன் மூன்றாவது வரியில் "எனது சுயவிருப்பின் பேரில் சேவையிலிருந்து விலகுகிறேன்" என்று இருந்தது. மூன்று வாரம் கழித்து, தொழில் அலுவலகத்தில் இருந்த மிஸ் வாசித்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

அந்த ஒரு வரியைச் சரிக்கட்ட 14 மாதம் அலைந்தேன். விடுதி, கடை, கார்மன்ட், தோட்டம், தேயிலைத் தொழிற்சாலை என்று மலையகத்தில் எங்கே வேலை செய்தாலும் உங்கள் முன்னாலும் இப்படி ஒரு கடதாசி ஒருநாள் வரலாம். அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை நான் பட்ட வரிசையில் இல்லாமல், செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. அந்த மேசையில் ஒப்பம் வைக்காதீர்கள்

"வீட்டில் காட்டிவிட்டு நாளைக்கு வருகிறேன், சேர்." இவ்வளவு சொன்னால் போதும். அன்றைக்கே ஒப்பம் வைத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒரு கொப்பி கேளுங்கள். தர மறுத்தால், போனில் படம் எடுக்க விடுங்கள் என்று கேளுங்கள். அதற்கும் மறுத்தால் அந்தக் கடதாசியில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம் இருக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில், 12 மாதத்துக்குள் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, அவர் மேல் குற்றம் எதுவும் இல்லாமல் நிறுத்த வேண்டுமானால் முதலாளிக்கு இரண்டே வழி. ஒன்று, தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி. மற்றது, தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம். ஆணையாளரிடம் போனால் விசாரணை வரும், நட்டஈடு வரும். உங்கள் ஒப்பத்துக்கு ஒரு பேனை போதும். அவசரப்படுத்துவதன் காரணம் இதுதான்.

குற்றம் செய்தீர்கள் என்று சொல்லி நிறுத்துகிறார்கள் என்றால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதே சட்டத்தின்படி நிறுத்திய நாளுக்குப் பிறகு இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் தர வேண்டும். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று போனில் மட்டும் சொன்னால், அன்றைக்கே ஒரு கடிதம் எழுதி, "இன்ன திகதியில் வாய்மூலம் நிறுத்தினீர்கள், காரணத்தை எழுத்தில் தாருங்கள்" என்று பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் துண்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

கொடுக்கிற காசு உங்களுக்கு வர வேண்டியதுதான், அவசரமாகத் தேவையும்படுகிறது என்றால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் ஒப்பத்துக்கு மேலே உங்கள் கையாலேயே தமிழில் "ஏப்ரல் மாதச் சம்பளமாக மட்டும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிவிட்டு வையுங்கள். அந்த வரி பிறகு பெரிய துணை.

ஏற்கெனவே ஒப்பம் வைத்துவிட்டீர்களா? கைவிட வேண்டாம். கடதாசியில் என்ன இருந்தது என்று தெரிந்த நாளிலேயே, "வாசித்துக் காட்டப்படவில்லை, ரசீது என்று சொல்லி வாங்கினார்கள், நான் விலகவில்லை, வேலைக்கு வரத் தயார்" என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். நான் அதை எழுதவே ஒரு மாதம் இழுத்தேன். "அப்படியென்றால் அந்த ஒரு மாதமும் ஏன் பேசாமல் இருந்தீர்கள்?" என்ற கேள்வி விசாரணையில் மூன்று தடவை வந்தது.

2. நாட்களை எண்ணத் தொடங்குங்கள்

வேலை நின்ற நாளை ஒரு கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். தொழில் திணைக்களத்துக்கான முறைப்பாட்டுக்கும், வேலை போனவர்களின் வழக்கை விசாரிக்கிற தொழில் நியாய சபைக்கான மனுவுக்கும் காலக்கெடு உண்டு. எது எவ்வளவு என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூன்று மாதம் முடிவதற்குள் மனு உள்ளே போய்விட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிழைக்காது.

பெரும்பாலானவர்கள் விழுகிற குழி ஒன்று இங்கே இருக்கிறது. "பேசிக்கொண்டிருக்கிறோம் தானே, ஏன் கேஸ் போடுகிறீர்கள்? முதலாளி கொழும்பிலிருந்து வரட்டும், தீபாவளி முடியட்டும்" என்று இழுப்பார்கள். நீங்கள் பேசிக்கொண்டிருப்பதால் காலக்கெடு நிற்காது. மனுவைப் போட்டுவிட்டும் பேசலாம். சொல்லப்போனால் மனு போட்ட பிறகுதான் பேச்சுக்கு உயிர் வரும்.

3. கடதாசிகளைச் சேருங்கள்

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சம்பளம் விழுந்த வங்கிப் புத்தகம், தேசிய அடையாள அட்டை, சேமலாப நிதி உறுப்பினர் இலக்கம், லீவு போட்ட கடிதங்கள், எச்சரிக்கைக் கடிதம் ஏதும் வந்திருந்தால் அதுவும். நியமனக் கடிதமே தரவில்லை என்பது மலையகத்தில் சகஜம். அப்போது வங்கிக் கணக்கு, வருகைப் பதிவின் போட்டோ, மனேஜரோடு நடந்த வாட்ஸ்அப் செய்திகள், சீருடையோடு எடுத்த படம் என்று எது கிடைத்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு போட்டோகொப்பி எடுங்கள். அசலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலை நாள் பதிவேட்டில், இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று இப்போதே பாருங்கள். என் அம்மாவுக்குச் செக்ரோலில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, சேமலாப நிதியில் வேறொரு எழுத்துக்கூட்டல். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிறுவ சத்தியக் கடதாசி, தோட்ட அலுவலகக் கடிதம், கிராம உத்தியோகத்தர் உறுதி என்று ஐந்து மாதம் போனது. வேலையில் இருக்கும்போது இதைத் திருத்துவது லேசு. வேலை நின்ற பிறகு அலுவலகத்தில் ஒருவரும் உங்களுக்காக ரெஜிஸ்டரைத் திறக்கமாட்டார்கள்.

4. இரண்டு கணக்குப் போடுங்கள், ஒன்றோடொன்று கலக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

எனக்கு இரண்டாவது முறை அவர்கள் சொன்ன தொகை 350,000 ரூபா, "எல்லாம் சேர்த்து, முழுமையும் இறுதியுமாக". கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது, அவ்வளவு காசை ஒன்றாகப் பார்த்ததே இல்லை. அன்றிரவு யூனியனில் இருக்கும் ஒரு அண்ணன் பழைய கொப்பி ஒன்றில் நடுவில் கோடு போட்டு, "இடது பக்கம் உன் சொந்தக் காசு, வலது பக்கம் அவர்கள் தர நினைக்கும் காசு, இரண்டையும் தனித்தனியாக எழுது" என்றார்.

இடது பக்கத்தில் முதலில் சேவைக்காலப் பணம். படிவங்களில் பணிக்கொடை என்று இருக்கும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் 5 வருஷம் முடித்தவருக்கு, முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். நீங்களே விலகினாலும் இது உண்டு. எனது கடைசிச் சம்பளம் 48,000. அரை மாதம் 24,000, அதைப் 11 ஆல் பெருக்கினால் 264,000.

அடுத்தது சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப். உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 8 வீதம், முதலாளி போட வேண்டியது 12 வீதம், ஆக மாதம் 20 வீதம். எனக்குக் கடைசி 14 மாதம் பிடித்திருக்கிறார்கள், ஆனால் நிதிக்குப் போகவில்லை. மாதம் 9,600 வீதம் 134,400. நம்பிக்கை நிதியம், அதாவது ஈ.டி.எஃப்., 3 வீதம் முழுக்க முதலாளியின் பங்கு. அதுவும் 14 மாதம் போகவில்லை, 20,160. பிறகு கடைசி மாதச் சம்பளம் 48,000.

கூட்டினால் 466,560. எனக்குத் தருவதாகச் சொன்ன "செட்டில்மென்ட்" 350,000. அதாவது என் காசிலேயே 116,560 ரூபாவை விட்டுக்கொடுத்து, அதற்கு மேல் வேலையையும் விட்டுக்கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வர இருந்தேன்.

சேமலாப நிதிப் பணத்தை "கையிலேயே தந்துவிடுகிறோம், அலைய வேண்டாம்" என்று சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அது நிதிக்குப் போக வேண்டிய காசு, பிந்திக் கட்டினால் முதலாளி 50 வீதம் வரை மேலதிகக் கட்டணமும் கட்ட வேண்டிவரும். அதைத் தவிர்க்கத்தான் கையில் தரப் பார்க்கிறார்கள். சேவைக்காலப் பணத்துக்கும் இப்படி ஒன்று உண்டு. வேலை முடிந்து 30 நாளைக்குள் தர வேண்டும். ஒரு மாதம் வரை பிந்தினால் 10 வீதம், மூன்று மாதம் வரை 15, ஆறு மாதம் வரை 20, ஒரு வருஷம் வரை 25, அதற்கும் மேல் 30 வீதம் கூட்டித் தர வேண்டும்.

"நீ ஸ்டோர்ஸில் நட்டம் வைத்தாய், சேவைக்காலப் பணம் இல்லை" என்றும் சொல்லிப் பார்த்தார்கள். மோசடி, கையாடல், வேண்டுமென்றே செய்த சேதம் போன்ற காரணத்துக்காக வேலை போயிருந்தால் மட்டுமே பிடிக்கலாம். அதுவும் அந்த நட்டத்தின் அளவுக்கு மட்டும்தான்.

இப்போது வலது பக்கம். வேலை போனதற்கான நட்டஈடு இங்கேதான் வரும், பேரம் பேச வேண்டியது இதை மட்டும்தான். இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. வேலை முடிவுறுத்தல் சட்டத்தின் கீழ் ஆணையாளர் நட்டஈடு கணக்கிடும் வாய்ப்பாடு 2005 இல் வர்த்தமானியில் வந்தது. முதல் 5 வருஷத்துக்கு வருஷத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6 முதல் 14 வரை இரண்டு மாதம், 15 முதல் 19 வரை ஒன்றரை, 20 முதல் 24 வரை ஒன்று, 25 முதல் 34 வரை அரை மாதம். மொத்தம் 48 மாதத்தைத் தாண்டாது, 2021 இலிருந்து உச்சம் 25 இலட்சம் ரூபா. எனக்கு முதல் 5 வருஷத்துக்குப் பன்னிரண்டரை மாதம், அடுத்த 6 வருஷத்துக்கு 12 மாதம், ஆக இருபத்திநாலரை மாதம். 48,000 ஆல் பெருக்கினால் 1,176,000.

இந்தத் தொகை அப்படியே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நான் விலகல் கடிதத்தில் ஒப்பம் வைத்தவன், என் பக்கம் பலவீனம் இருந்தது. ஆனால் மேசைக்கு மறுபக்கம் இருப்பவரின் சட்டத்தரணிக்கு இந்த எண் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தோட்டத்துக் கணக்கும் இதே மாதிரித்தான். 2024 இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக்கியது. அந்த வீதத்தில் வருஷத்துக்கு 14 நாள் என்றால் 18,900, அம்மாவின் 28 வருஷத்துக்கு 529,200. உங்களுக்குக் கடைசியாகப் போட்ட நாட்சம்பளத்தை வைத்துப் பெருக்கிப் பாருங்கள்.

5. எங்கே போவது

தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம் முதல் படி. சேவைக்காலப் பணம், சேமலாப நிதி, பாக்கிச் சம்பளம் எல்லாவற்றுக்கும் இங்கேதான் முறைப்பாடு. கட்டணம் கிடையாது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், அது அரசியலமைப்பு தந்த உரிமை. என் அனுபவத்தில் காலை எட்டரைக்கு வாசலில் நின்றால் அன்றைக்கே ஆளைப் பார்க்கலாம், பதினொரு மணி பஸ்ஸில் இறங்கினால் மறுபடி வரச் சொல்வார்கள். கொடுக்கிற முறைப்பாட்டின் பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள்.

வேலை போனதற்கான நிவாரணத்துக்கு தொழில் நியாய சபை. 1950 ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின் கீழ் மனு. ஹட்டன், கண்டி, பதுளை போன்ற ஊர்களில் சபை இருக்கிறது. 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சின்னக் கடையில் இருந்தவர்கள் மனம் தளர வேண்டாம், அவர்களுடைய சேவைக்காலப் பணத்தையும் சபையிடமே கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. வேலை போன விஷயத்தைத் தொழில் நியாய சபை ஏற்று விசாரித்து முடித்துவிட்டால், அதே விஷயத்துக்கு வேறு இடத்தில் நிவாரணம் கேட்க முடியாது. ஆணையாளரிடம் போவதா, சபைக்குப் போவதா என்பதை முதலிலேயே யோசித்துத் தீர்மானியுங்கள். குற்றம் சாட்டாமல் ஆட்குறைப்பு என்று நிறுத்தினார்கள், நீங்களும் எதிலும் ஒப்பம் வைக்கவில்லை என்றால் ஆணையாளர் வழி நல்லது. குற்றம் சாட்டியிருந்தால், அல்லது என்னைப் போல விலகல் கடிதச் சிக்கல் இருந்தால் சபை. என் மனுவை எழுதிய சட்டத்தரணி இப்படித்தான் பிரித்துச் சொன்னார்.

சபையில் சட்டத்தரணி கட்டாயமில்லை, உங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதி பேசலாம். சந்தா ஒழுங்காகக் கட்டியவர்கள் இதைக் கேட்டுப் பெறுங்கள். சங்கமும் இல்லை, காசும் இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆள் தருவார்கள்.

வேலை சம்பந்தமில்லாத தகராறு, அதாவது கைமாற்றுக் கடன், கடை வாடகை, வேலி எல்லை என்றால் பாதை வேறு. சிறிய தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபை. அங்கே சட்டத்தரணிகள் வர முடியாது, மத்தியஸ்தர்கள் முன்னால் நீங்களே பேச வேண்டும். இணங்கினால் அதற்குச் சான்றிதழ், இணங்காவிட்டால் அதற்கும் ஒரு சான்றிதழ், இரண்டாவது இல்லாமல் வழக்குப் போட முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்கு இருந்தால், சமரசத்தைக் கட்சிக்காரர்கள் தங்களுக்குள் எழுதி வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 408 ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்கு அறிவித்துத் தீர்ப்பாகப் பதிய வைக்க வேண்டும். பதிந்த பிறகு அது முடிந்த முடிவு, மனம் மாறினேன் என்று திரும்பிப் போக முடியாது. காணி கைமாறுகிற இணக்கம் என்றால் நொத்தாரிசு முன் எழுதாத கடதாசி செல்லாது. எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருஷம், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 வருஷம், அதற்குப் பிறகு காலாவதி.

6. பேச்சுக்கு உட்காரும்போது

தனியாகப் போகாதீர்கள். பேச வேண்டும் என்றில்லை, பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க ஒருவர் போதும். எனக்கு என் மச்சான் வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு மனேஜரின் குரலே மாறியிருந்தது.

எழுத்தில் ஒரு தொகை சொல்வதானால், கடிதத்தின் தலைப்பில் "உரிமைக்குப் பங்கமில்லாமல்" என்று எழுதுங்கள். இணக்கத்துக்காகச் சொன்ன தொகையைப் பிறகு "இவரே இவ்வளவுதான் கேட்டார்" என்று உங்களுக்கு எதிராகக் காட்டாமல் இருக்க அது உதவும்.

முதலில் இடது பக்கக் கணக்கைப் பேசி முடியுங்கள். "இது தர வேண்டியது, இதில் பேச்சில்லை" என்று எழுத்தில் வாங்கிய பிறகே நட்டஈட்டுக்கு வாருங்கள். உங்கள் மனதில் குறைந்தபட்சம் ஒன்று இருக்கட்டும், அதை வீட்டிலேயே தீர்மானியுங்கள். பிள்ளையின் ஸ்கூல் காசு கட்ட வேண்டிய வாரத்தில் பேசப் போனால் எந்தத் தொகையும் பெரிதாகத்தான் தெரியும். முடிந்தால் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

7. ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்

ஒவ்வொரு தொகையும் தனித்தனி வரியில், எதற்காக என்ற பெயரோடு. "மொத்தம் இவ்வளவு" என்று ஒரே எண் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியமும் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்தத் திகதிக்குள் நிதிக்குக் கட்டப்படும் என்று தனியாக.

தவணை என்றால் ஒவ்வொரு தவணைக்கும் திகதி. அத்துடன் "ஒரு தவணை தவறினாலும் மிச்சம் முழுவதையும் உடனே செலுத்த வேண்டும்" என்ற வரி. எனக்கு இந்த வரி இருந்ததால்தான் இரண்டாவது தவணை பிந்தியபோது ஒரே கடிதத்தில் காசு வந்தது.

உங்கள் பக்கத்திலிருந்து விட்டுக்கொடுப்பது எது என்பதைக் குறுக்கி எழுதச் சொல்லுங்கள். "வேலை முடிவுறுத்தல் சம்பந்தமாக மட்டும்" என்று இருக்கட்டும். "இன்றுவரையும் இனிமேலும் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தால், முன்பு வேலையில் பட்ட காயத்துக்கான நட்டஈடு உட்பட எல்லாமே அதில் அடங்கிவிட்டது என்று வாதிட இடம் கொடுத்ததாகிவிடும்.

சேவைச் சான்றிதழ் தர வேண்டும் என்றும் ஒரு வரி. நீங்கள் எப்படி வேலையை விட்டீர்கள் என்று அதில் என்ன எழுதப்படும் என்பதையும் இப்போதே பேசுங்கள், அடுத்த வேலை அதில் தங்கியிருக்கிறது.

தோட்டத்தில் லயத்து வீட்டில் இருப்பவர்கள், "வீட்டை ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்" என்ற வரி நடுவில் வருகிறதா என்று கட்டாயம் தேடுங்கள். 1971 ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புச் சட்டப்படி, வேலை போனாலும் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. அந்தப் பாதுகாப்பைச் சேவைக்காலப் பணத்துக்கு மாற்றாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

மொழி. தமிழ்ப் பிரதி கேளுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும்தான் என்றால், நீங்கள் நம்புகிற ஒருவர் வரிக்கு வரி வாசித்துச் சொல்ல வேண்டும். "வாசித்து விளக்கப்பட்டது" என்று கடைசியில் எழுதி, விளக்கியவரும் ஒப்பமிட வேண்டும். அவர் முதலாளியின் ஆளாக இருக்கக் கூடாது. பெருவிரல் அடையாளம் வைக்கிற அம்மாமார், ஐயாமாருக்கு இது உயிர்ப் பிரச்சினை. பிள்ளைகள் கூட இல்லாமல் விரலை வைக்க விடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பம் வையுங்கள், வெற்று இடங்களைக் கோடு போட்டு மூடுங்கள்.

8. யார் முன்னால் ஒப்பமிடுவது

மனேஜர் அறையில் எழுதிய கடதாசியும் ஒப்பந்தம்தான். ஆனால் காசு வராவிட்டால் அதைக் கையில் வைத்துக்கொண்டு புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டும். அதே நிபந்தனைகளைத் தொழில் அலுவலகத்தில் அதிகாரி முன் எழுதி மூன்று தரப்பும் ஒப்பமிட்டால், அல்லது தொழில் நியாய சபைத் தலைவர் முன் சொல்லி ஏட்டில் பதிந்து கட்டளையாக வாங்கினால், மீறுகிறவரைத் திணைக்களமே நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம். இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் தவணைக்குச் சம்மதிக்க வேண்டாம்.

சபையில் நிபந்தனைகளை வாசிக்கும்போது புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். தலையாட்டிவிடாதீர்கள். "விளங்கியதா?" என்று தலைவர் கேட்பது சடங்குக்காக இல்லை. நீங்கள் "ஓம்" என்றால் அது பதிவாகிறது. நான் "இன்னொரு தடவை தமிழில் சொல்லுங்கள்" என்றேன், யாரும் கோபிக்கவில்லை. சொன்னபோதுதான் நாலாவது தவணையின் திகதி பிழையாக எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. பிறகு உறுதிப்படுத்திய பிரதி ஒன்றுக்கு விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

9. செலவும் காலமும்

எனக்கு ஆனது இது. தொழில் அலுவலகத்துக்கு ஏழு தடவை, சபையில் ஐந்து விசாரணைத் தவணை, மொத்தம் 14 மாதம். சட்டத்தரணிக்கு மனு எழுத ஒரு தொகையும் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு தொகையும் என்று பேசினோம், முதலிலேயே அதை எழுதி வாங்கியது நல்லதாகப் போனது. உங்களுடையவரிடம் "தள்ளிப்போட்ட நாளுக்கும் காசு உண்டா?" என்று கட்டாயம் கேளுங்கள். பஸ், போட்டோகொப்பி, பதிவுத் தபால் எல்லாம் சின்னச் செலவுதான், ஆனால் வேலையில்லாத காலத்தில் ஒவ்வொன்றும் கனக்கும். புது இடத்தில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் சம்பளம் போகும் என்று கணக்கில் எடுங்கள்.

சபைக் கட்டளையில் யாருக்காவது திருப்தி இல்லை என்றால் 30 நாளைக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு போகலாம். அது இன்னும் வருஷக்கணக்கு இழுக்கலாம். இணக்கத்தில் முடித்தால் இந்த இழுபறி இல்லை. நான் வாய்ப்பாடு காட்டியதை விடக் குறைவான தொகைக்கு ஒத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். சேவைக்காலப் பணம் எட்டாவது மாதம், 25 வீதம் கூட்டி 330,000 ஆகக் கிடைத்தது. முதலில் "எல்லாம் சேர்த்து" என்று சொன்ன தொகைக்குக் கிட்ட இது மட்டுமே வந்துவிட்டது. நட்டஈடு 400,000, நாலு தவணையில். சேமலாப நிதிப் பாக்கியை அவர்கள் நிதிக்கே கட்டினார்கள்.

10. காசு வந்த பிறகு

தவணைக் காசை நேராகக் கையில் வாங்காமல், மாவட்டத் தொழில் அலுவலகத்தில் வைப்பிலிடச் சொல்லி அங்கிருந்து வாங்குவது பாதுகாப்பு. காசோலை என்றால் உங்கள் கணக்குக்கு மட்டும் மாறக்கூடியதாகக் கோடு போட்டிருக்க வேண்டும். வாங்கிய அன்றே வங்கியில் போடுங்கள். காசு கணக்கில் விழும் வரை "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற கடதாசியில் ஒப்பம் வேண்டாம்.

சேமலாப நிதிக்குக் கட்டியதாக ரசீது காட்டுவார்கள். அத்தோடு விடாமல், உங்கள் கணக்கறிக்கையை எடுத்து ஒவ்வொரு மாதமும் விழுந்திருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணுங்கள். எனக்குப் 14 மாதத்தில் 12 தான் இருந்தது. இரண்டு மாதம் வேறொருவரின் உறுப்பினர் இலக்கத்துக்குப் போயிருந்தது. கட்டளையின் பிரதியையும் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு மறுபடி தொழில் அலுவலகத்துக்குப் போனேன். அதே மிஸ்தான் இருந்தார். அடுத்த மாத அறிக்கையில் இரண்டும் வந்துவிட்டன.